கப்பலில் வந்த பொட்டலம்

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைதோறும், கோவிலுக்கு வர இயலாத நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்வது பங்குக் குருக்களின் வழக்கம் என்பதை வாசகர்கள் அறிவர். அவ்வாறு நாம் செல்லும் இல்லங்களுள் ஒன்று, கொற்கை என்னும் பழம்பெயரை இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் நம் முத்துக்குளித்துறைக் கரையில், அலையோசை அடுக்களை வரை கேட்கும் சிறு வீடு. எழுபது வயதைக் கடந்த மூதாட்டியார் ஒருவர் அங்கே வாழ்கிறார். இதய வால்வு பழுதுபட்டு, பல ஆண்டுகளுக்கு முன்னர் உலோக வால்வு பொருத்தப்பெற்றவர். மூத்த மகன் சரக்குக் கப்பலில் மாலுமி. மருமகள்தான் வீட்டுக்கும் மாமியாருக்கும் துணை.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு முதல் வெள்ளியன்று, செபம் முடித்து நாம் எழுந்தபோது மூதாட்டியார் விடவில்லை. “சாமி, ஒரு வாய் சாறு குடிச்சிட்டுப் போங்க. மகன் சிங்கப்பூர்ல வாங்கிட்டு வந்த சரக்குப் போட்டு வச்சது. ஒடம்புக்கு அவ்வளவு நல்லதாம்” என்றார்.

நாட்டுக்கோழிச் சாறு அது. அன்போடு கொடுப்பதை மறுக்கும் பழக்கம் நமக்கு இல்லை. நம் இடுப்பளவே அதற்குச் சாட்சி. சிறிது இனிப்பு, அடித்தொண்டையில் மெல்லிய கசப்பு, மல்லித் தண்டை நினைவூட்டும் ஒரு மணம். உண்மையிலேயே நன்றாக இருந்தது. குடித்து முடித்த குவளையை வாங்குவதற்காக அவர் கையை நீட்டியபோது சேலைத் தலைப்பு விலகிற்று. முன்கையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாய்ந்திருந்தது. மற்றொரு கையிலும் அவ்வாறே. கேட்டதற்கு, “கதவு இடிச்சிருச்சு சாமி” என்று தலைப்பை இழுத்து மூடிக்கொண்டார். கதவு ஒரு கையைத்தானே இடிக்கும்? மருமகளிடம் கேட்டோம். நான்கு நாட்களாகப் பல் துலக்கும்போது ஈறிலிருந்து இரத்தம் கசிகிறது என்றார். சாறு வைக்கத் தொடங்கி எத்தனை நாளாயிற்று என்றோம். மூன்று வாரம், முதலில் வாரத்துக்கு இரு முறை, பிறகு நாள்தோறும்.

நாம் வைத்தியர் அல்லோம். ஆயினும் நம் உடன்பிறந்த அக்காள் ஒருவர் இதே வகை மாத்திரையை நெடுநாள் உட்கொண்டவர் ஆதலின், நீலத் திட்டும் ஈறுக் கசிவும் எதைக் குறிக்கும் என்பது நமக்குத் தெரியும். அன்றிரவே தூத்துக்குடிக்கு அழைத்துச் சென்றோம். இரத்தம் உறையும் தன்மையைக் காட்டும் ஐ.என்.ஆர். என்னும் எண், அவரைப் போன்றோர்க்கு இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடையே நிற்க வேண்டுமாம். அன்று அது ஆறைத் தாண்டியிருந்தது. இன்னும் சில நாள் தாமதித்திருந்தால் கசிவு ஈறோடு நின்றிராது. மூளையிலும் நிகழ்ந்திருக்கலாம் என்றார் மருத்துவர்.

இளைஞர், பொறுமைசாலி. அவர் கேட்ட முதற் கேள்வியும் அதற்குக் கிடைத்த விடையுமே இத்திங்கள் நம்மை எழுதத் தூண்டியவை. “புதுசா ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களாம்மா?” என்றார். “இல்லை டாக்டர்” என்றனர் மாமியாரும் மருமகளும் ஒரே குரலில். அது பொய்யன்று. அவர்கள் உட்கொண்டது சாப்பாடு. சாப்பாட்டை யார் மருந்துக் கணக்கில் எழுதுவார்? வரும்போதே மருமகளிடம் சொல்லி எடுத்து வரச் செய்த பொட்டலத்தை நாம் மேசைமேல் வைத்த பிறகுதான் அவர் முகம் மாறிற்று.

மறுநாள் ஊரில் செய்தி பரவியது. கோவில் வாயிலில் ஒருவர், “சீனாக்காரன் சரக்குன்னா அப்படித்தான் சாமி. நம்ம மருந்துல இப்படி ஒண்ணும் வராது” என்று தீர்ப்பே வழங்கிவிட்டார். தலையாட்டிக்கொண்டு நின்றவர் பலர். இந்தத் தீர்ப்பு இரு பக்கமும் தவறு என்பது நம் எண்ணம். ஏன் என்று சொல்ல வேண்டுமாயின் அந்தப் பொட்டலத்தைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் நம் உறவினர்களுக்கு இப்பொட்டலம் புதிதன்று. கடையில் ஒரு வேளைச் சாற்றுக்கு வேண்டிய சரக்குகளை அளந்து கட்டி வைத்திருப்பார்கள். கோழியோ பன்றி எலும்போ சேர்த்து மெல்லிய தீயில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் சாறு ஆயிற்று. நம் பொட்டலத்தில் இருந்தவற்றைக் கைப்பேசி வழியே மகன் ஒவ்வொன்றாகச் சொன்னார். செந்நிறமாய்ச் சுருங்கிய பழம், பார்வைக்குப் பேரீச்சை போன்றது. உண்மையில் அது நம் தேரிக்காட்டு இலந்தையின் சீனத்து உறவு. சிறு சிவப்பு மணிகள், கோஜி. மஞ்சள் நிறத்தில் நீளவாக்கில் சீவிய வேர், ஹுவாங் சீ. மெல்லிய குச்சி போன்ற மற்றொரு வேர், தாங் ஷென். அதிமதுரம், இது நம் கடையிலும் உண்டு. கடைசியாக, தட்டையாக வெட்டிய வெளிறிய வேர்த் துண்டுகள், டாங் குய். மல்லி மணம் அதிலிருந்துதான் வந்தது. அதுவும் மல்லி, சோம்பு, பெருங்காயம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த செடியே.

சீன மக்கள் இவற்றை நோயுற்ற பின் அருந்தும் கஷாயமாக மட்டும் கருதுவதில்லை. அடுக்களைச் சாமான்களாகவே வைத்திருக்கிறார்கள். 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுன் சிமியாவோ என்னும் அவர்களின் பெரும் மருத்துவர், நோயை முதலில் உணவால் தணிக்க முயல வேண்டும், உணவு பயன்படாதபோதே மருந்தை நாட வேண்டும் என்று எழுதி, தம் நூலில் உணவு மருத்துவத்துக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். 1330-இல் மங்கோலியப் பேரரசரின் உணவைக் கவனித்த ஹு சிஹுய் என்பவர் அரண்மனைச் சமையலையும் உடல்நலத்தையும் இணைத்து ஒரு நூலே செய்து அளித்தார்.

இதைக் கேட்டு நம் இல்லத்தரசிகள் வியப்படைய வேண்டியதில்லை. நாம் செய்வது வேறா? பிள்ளை பெற்றவளுக்குச் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை, சதகுப்பை எல்லாம் இடித்துக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிளறும் பேறுகால மருந்தை எந்த மருத்துவரும் சீட்டெழுதித் தருவதில்லை. மாமியார் கைக்கணக்கே அங்குச் சட்டம். பால் சுரக்கப் பால்சுறாப் புட்டு, இடுப்புக்கு உளுந்தங்களி, சளிக்கு மிளகு ரசம், மழைக்குச் சுக்கு மல்லிக் காப்பி. யாழ்ப்பாணத்தார் சரக்கு அரைத்துப் பத்தியக் கறி வைப்பர். சீனத் தாய்மாரும் பிள்ளைப்பேற்றுக்குப் பின் ஒரு மாதம் குளிர்ந்த நீரைத் தொடாமல், இஞ்சியும் எள்ளெண்ணெயும் சேர்த்த கோழியை உண்பார்கள். கடல் பல கடந்தும் இரு கிழவிகள் ஒரே இஞ்சியைத் தட்டுகிறார்கள். திருக்குறளின் 95-ஆம் அதிகாரத்தின் பெயர் ‘மருந்து’ ஆயினும், அதில் பெரும்பகுதி எப்போது உண்பது, எவ்வளவு உண்பது என்பதைப் பற்றியே பேசுகிறது என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளலாம்.

இனி, ‘அயல் சரக்கு’ என்ற சொல்லுக்கு வருவோம். நம் கரையில் நின்று இச்சொல்லை உரைப்பவர் சற்று யோசித்தே உரைக்க வேண்டும். தாமிரபரணி வண்டலால் கடல் விலகிப்போய்க் கொற்கை உள்ளூராகிவிட்ட பின்பு, துறைமுகச் சிறப்புப் பழையகாயலுக்கு மாறிற்று. அங்கே மண்ணில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்துள்ளன. கராஷிமா நொபொரு என்ற ஜப்பானிய வரலாற்றறிஞர் அவற்றை ஆராய்ந்தவர்களுள் ஒருவர். அவ்வாறே சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. இலங்கைக் காலியில் 1911-இல் கண்டெடுக்கப்பட்ட கல்லில், சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே 1409-ஆம் ஆண்டிட்டுப் பொறித்த வாசகம் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் இருக்கிறது. இப்படிப் போக்குவரத்து இருந்த இடத்தில் சரக்கு வராமலா இருக்கும்? தென்பாண்டி நாட்டார் வெள்ளைச் சர்க்கரையைச் ‘சீனி’ என்பதும், படிகாரத்துக்குச் ‘சீனாக்காரம்’ என்று பெயர் வழங்குவதும் எதனால்? பேறுகால மருந்தில் தவறாது சேரும் சித்தரத்தைக்குத் தாயகம் தென்சீனக் கரை. பிரியாணியில் மிதக்கும் அன்னாசிப்பூவும் சீனத்து மரத்தின் காயே.

எல்லாவற்றினும் நம்மைக் கவர்ந்தது பறங்கிப்பட்டையின் கதை. நாட்டு மருந்துக் கடையில் கேட்டுப் பாருங்கள்; தோல் நோய்க்கென்று சித்த மருத்துவர் பறங்கிப்பட்டைச் சூரணம் கொடுப்பதும் உண்டு. பெயரில் பட்டை இருந்தாலும் அது கிழங்கு. பெயரில் பறங்கி இருந்தாலும் அது போர்த்துக்கீசியர் நாட்டுச் செடியன்று, சீனத்துக் கொடி. 1534-இல் கோவாவுக்கு வந்து, 1563-இல் அங்கேயே மூலிகைகளைப் பற்றிய நூலை அச்சிட்ட கார்சியா த ஓர்த்தா என்னும் போர்த்துக்கீசிய மருத்துவர், இக்கிழங்கு 1535-ஐ ஒட்டிக் கோவாவுக்கு வந்து சேர்ந்ததை எழுதியுள்ளார். அக்காலத்தில் கப்பலோடு வந்து பரவிய மேகநோயை நம்மவர் பறங்கி நோய் என்றார்கள். அதற்கென்று வந்த கிழங்கும் பறங்கிப்பட்டை ஆயிற்று. நோயைக் கொண்டுவந்த கப்பலே மருந்தையும் கொண்டுவந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்! வடமொழியில் பாவமிசிரர் செய்த பாவப்பிரகாசமும் அந்நோயையும் இம்மருந்தையும் குறிப்பிடுகிறது. ஐரோப்பாவில் ஐந்தாம் சார்லஸ் பேரரசரே தம் கீல்வாதத்துக்கு இதன் கஷாயத்தைக் குடித்தார். அவருடைய மருத்துவரும் உடற்கூற்றியலின் தந்தை எனப்படுபவருமான வெசாலியஸ் 1546-இல் இக்கிழங்கைப் பற்றி ஒரு கடிதநூலை வெளியிட்டார். பேரரசரைப் போல அவர் அதில் அத்துணை நம்பிக்கை கொள்ளவில்லை. வெசாலியஸின் ஐயமே வென்றது. மேகநோயைத் தீர்த்தது இக்கிழங்கன்று. 1943-இல் அந்நோய்க்கு முதன்முதலாகக் கொடுத்துப் பார்க்கப்பட்ட பெனிசிலின். ஆயினும் கிழங்கு நம்மோடு தங்கிவிட்டது. நானூறு ஆண்டுகளுக்கு மேல் நம் சூரண டப்பாவில் குடியிருப்பதை இன்று ‘சீனாக்காரன் சரக்கு’ என்று யாரும் சொல்வதில்லை.

இந்த வாணிகம் ஒரு வழிப் பாதையும் அன்று. நம் மாவட்டத்து மானாவாரி நிலங்களில் விளையும் நிலாவரையை வாசகர்கள் அறிவர். வட்டாரத்தில் அவுரி என்றும் சொல்வதுண்டு. அரபு நாட்டு வித்திலிருந்து வந்து இம்மண்ணில் வேரூன்றி, ‘திருநெல்வேலி சென்னா’ என்ற பெயரில் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து உலகெங்கும் போய்க்கொண்டிருக்கும் பேதி இலை அது. சீன மருத்துவ நூலிலும் அதற்கு இடமுண்டு. அங்கே அதன் பெயரின் பொருள் என்ன தெரியுமா? ‘அயல்நாட்டுப் பேதி இலை’! நம் வீட்டு வேலியோரச் சரக்கு அவர்களுக்கு அயல் சரக்கு. நம் கோவில் வாயில் நண்பரைப் போல ஒருவர் அங்கேயும் நின்று, ‘அந்நாட்டார் இலை என்றால் அப்படித்தான்’ என்று சொல்லிக்கொண்டிருக்கக் கூடும்.

ஆதலால் ஊரைக் கொண்டு சரக்கைத் தீர்ப்பிடுதல் ஆகாது. பின் எதைக் கொண்டு?

மூதாட்டியாரின் உடலில் நிகழ்ந்ததை மருத்துவர் விளக்கியபடி எழுதுகிறோம். நம் ஈரல், இரத்தத்தை உறையச் செய்யும் பொருள்களை உண்டாக்க வைட்டமின் கே என்னும் சத்தைப் பயன்படுத்துகிறது. வார்ஃபரின் இன மாத்திரை அந்த வேலையைத் தடுத்து, உலோக வால்வில் இரத்தக் கட்டி உண்டாகாமல் காக்கிறது. அளவு கூடினால் இரத்தக் கசிவு. குறைந்தால் வால்வில் அடைப்பு. கத்தி முனையில் நடப்பது போன்ற கணக்கு. டாங் குய் இம்மாத்திரையின் வேகத்தைக் கூட்டுகிறது. 1999-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான செய்தி இது: மாத்திரை அளவு சீராக இருந்த பெண்மணி ஒருவர் நான்கு வாரம் டாங் குய் உட்கொண்டார், அவருடைய ஐ.என்.ஆர். இருமடங்குக்கு மேல் ஏறிற்று. நிறுத்திய பின் இறங்கிவிட்டது. கோஜி மணிகளைப் பற்றியும் இத்தகைய செய்திகள் உண்டு. நம் மூதாட்டியாரின் சாற்றில் இரண்டும் இருந்தன.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே மாத்திரையைத் தலைகீழாகத் தடுமாறச் செய்யும் சரக்கு நம் கொல்லையிலேயே நிற்கிறது. முருங்கைக் கீரையில் வைட்டமின் கே மிகுதி. மாதம் முழுவதும் தொடாமல் இருந்துவிட்டு, யாரோ சொன்னார்கள் என்று நாள்தோறும் ஒரு கட்டு முருங்கைக் கீரை உண்ணத் தொடங்கினால் மாத்திரை வலுவிழக்கும். கீரையை விலக்கச் சொல்வதில்லை மருத்துவர்கள். வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவாக உண்ணச் சொல்கிறார்கள். அதே நாட்டுக்கோழி, அதே சட்டி, அதே மருமகள் கைப்பக்குவம். உண்பவர் வேறானால் உணவும் வேறாகிவிடுகிறது. அன்று அச்சாற்றைக் குடித்த நமக்கு ஒன்றும் நேரவில்லை. நாம் அம்மாத்திரை உண்பவர் அல்லோம்.

அளவும் அவ்வாறே. கறியில் இரண்டு துண்டு அதிமதுரம் மணம் தரும். தொண்டைக்கு நல்லது என்று நாள்தோறும் மென்றுகொண்டே இருப்பவருக்கு அது இரத்த அழுத்தத்தை ஏற்றி, உடலின் பொட்டாசியம் சத்தைக் குறைத்துவிடும். நம் பாடகர் குழுவில் இப்பழக்கம் உடையோர் இருப்பதால் இதை அழுத்தியே எழுதுகிறோம். பட்டையிலும் வேறுபாடு உண்டு. கடலுக்கு அப்பால் இலங்கையில் விளையும் மெல்லிய கறுவா ஒன்று. மளிகைக் கடையில் மலிவாகக் கிடைக்கும் தடித்த சீனப்பட்டை இன மற்றொன்று. பின்னதில் கூமரின் என்னும் பொருள் மிகுதி. அது அளவு மீறினால் சிலருடைய ஈரலைத் தாக்கும் என்று ஜெர்மன் நாட்டு அரசு நிறுவனம் 2006-இல் எச்சரித்தது. குழம்பில் இடும் துண்டால் கேடில்லை. சர்க்கரை நோய் குறையும் என்று கைப்பேசிச் செய்தியை நம்பித் தேக்கரண்டி தேக்கரண்டியாகத் தூளை விழுங்குவதுதான் சிக்கல். நிலாவரையும் அப்படியே. மலச்சிக்கலுக்கு ஒரு நாள் உதவும். உடல் இளைக்க என்று விற்கும் தேநீர்ப் பொட்டலங்களில் அதை நாள்தோறும் குடிப்போருக்குக் குடல் தன் வேலையையே மறந்துவிடுகிறது.

சீன அரசும் இதை அறிந்தே வரம்பு கட்டியிருக்கிறது. உணவாகவும் மருந்தாகவும் கொள்ளத்தக்கவை என்று 2002-இல் 87 பொருள்களைப் பட்டியலிட்டது. டாங் குய் அதில் இடம்பெறவில்லை. 2019-ஆம் ஆண்டு அறிவிப்பில்தான் அதைச் சேர்த்தார்கள். அதுவும் தாளிதப் பொருளாக, சுவைக்கு இடும் அளவில் மட்டும். அதே அறிவிப்பில் அதே நிபந்தனையோடு சேர்க்கப்பட்ட வேறு இரண்டு பொருள்கள் யாவை என்று எண்ணுகிறீர்கள்? நம் மஞ்சளும் திப்பிலியும்!

அளவும் ஆளும் சரியாயிருந்தும் பெயர் தவறிப்போனால் நேர்வது இன்னும் கொடியது. பெல்ஜிய நாட்டுத் தலைநகரில், 1990-களின் தொடக்கத்தில், உடல் மெலியச் சென்ற பெண்களுக்கு ஒரு நிலையத்தில் சீன மூலிகைத் தூள் கொடுத்தார்கள். சேர்க்க வேண்டிய வேருக்குப் பதிலாக, அதே போன்ற பெயர் கொண்ட மற்றொரு வேர் கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் கெட்டு நின்றனர். பலருக்கு மாற்றுச் சிறுநீரகம் தேவைப்பட்டது. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றும் தோன்றிற்று. 1993-இல் இச்செய்தி மருத்துவ உலகுக்குத் தெரியவந்தது. அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்பது அந்த நஞ்சின் பெயர். அதைக் கொண்ட செடியினத்தை உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2002-இல் புற்றுநோய் உண்டாக்குவனவற்றுள் ஐயத்துக்கு இடமில்லாத முதல் வகுப்பில் வைத்தது.

‘சீனச் சரக்கு’ என்று மீண்டும் சொல்ல வாயெடுப்போர் சற்றுப் பொறுக்க. அச்செடியினத்தைச் சேர்ந்த இரண்டு நம் ஊரிலேயே உள்ளன. ஒன்று வேலிகளில் படரும் ஈசுரமூலி. மற்றொன்று கரிசல் காட்டில் தரையோடு கிடக்கும் ஆடுதின்னாப்பாளை. பாம்புக் கடிக்கும் வயிற்றுப் பூச்சிக்கும் என்று வழிவழியாகக் கொடுக்கப்பட்டு வருபவை. இவற்றிலும் அதே அமிலம் இருக்கிறது. ஆடு தின்னாத தழையை மனிதன் ஏன் தின்ன வேண்டும் என்று நம் பாட்டியார் கேட்பார். பெயரிலேயே எச்சரிக்கை வைத்த முன்னோரை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

அன்னாசிப்பூவிலும் இத்தகைய பெயர் மயக்கம் உண்டு. 2005-இல் பறவைக் காய்ச்சல் அச்சத்தில் உலகமே தேடிய மாத்திரைக்கு மூலப்பொருள் சீன அன்னாசிப்பூவிலிருந்துதான் பெரும்பாலும் எடுக்கப்பட்டது. ஆனால் ஜப்பானில் விளையும் அதன் உடன்பிறப்பு, பார்வைக்கு அச்சில் வார்த்தாற்போல் இருப்பது, நஞ்சு. 2001-இல் நெதர்லாந்து நாட்டில் அது கலந்த தேநீரைக் குடித்தவர்கள் வலிப்புக் கண்டு வீழ்ந்தார்கள். குழந்தைகளின் வயிற்று வலிக்கு அன்னாசிப்பூத் தண்ணீர் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க அரசு 2003-இல் அறிவித்ததும் இக்காரணத்தாலேயே. பிரியாணிக்கு ஒரு பூப் போடுவோர் அஞ்ச வேண்டியதில்லை. பச்சிளங் குழந்தைக்குக் காய்ச்சிப் புகட்டுவோர் நிறுத்திவிடுக.

மூதாட்டியார் மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தார். மாத்திரையை நிறுத்தி, வைட்டமின் கே கொடுத்து, எண் இறங்கிய பிறகு மீண்டும் தொடங்கினார்கள். நாம் மருத்துவரிடம், “நீங்கள் மருந்தைப் பற்றிக் கேட்டீர்கள், சட்டியைப் பற்றிக் கேட்கவில்லையே” என்றோம். சிரித்துவிட்டு, “இனிமேல் கேட்கிறேன் ஃபாதர்” என்றார். ஆனால் நாளொன்றுக்கு நூறு நோயாளரைப் பார்க்கும் அவர் ஒவ்வொருவர் அடுக்களைக்கும் வர இயலாது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்போர், அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து உண்போர், கருவுற்றோர், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பெற்றோர் ஆகிய இவர்களுடைய வீட்டில் புதுச் சரக்கு ஏதேனும் சட்டியில் ஏறுமாயின், அது சிங்கப்பூரிலிருந்து வந்ததாயினும், கொல்லையில் பறித்ததாயினும், உறையோடு எடுத்துச் சென்று மருத்துவர் மேசைமேல் வைத்துவிட வேண்டும். பெயர் தெரியாவிட்டால் பொருளையே காட்டலாம். ‘இது சாப்பாடுதானே’ என்று நாமாக முடிவுகட்டி வாய்மூடி இருப்பதே ஆபத்து.

மகன்தான் மிகவும் வருந்தினார். கப்பலிலிருந்து கைப்பேசியில் பேசியபோது அவர் குரல் உடைந்தது. “அம்மாவுக்குத்தான் சாமி வாங்கினேன். கூட வேலை பாக்குற சீனாக்காரர் தன் அம்மாவுக்கு வாங்கினாரு. நல்லதைத்தான் கொடுக்கிறோம்னு நெனச்சேன்” என்றார். அந்தச் சீன நண்பரும் தவறு செய்யவில்லை. அவருடைய தாயாருக்கு அந்தச் சாறு இதமாகவே இருந்திருக்கும். நாம் அவருக்கு என்ன சொல்வது? அம்மா நலமாக இருக்கிறார், அடுத்த முறை வாங்கும் முன் ஒரு படம் எடுத்து மருத்துவருக்கு அனுப்பிக் கேட்டுக்கொள் தம்பி என்று மட்டும் சொன்னோம்.

அடுத்த முதல் வெள்ளியன்று சென்றபோது மூதாட்டியார் கையில் நீலம் மறைந்திருந்தது. கருப்பட்டி இட்ட சுக்குக் காப்பி வந்தது. மருத்துவரிடம் கேட்டாயிற்றா என்றோம். “அதெல்லாம் கேட்டாச்சு சாமி. இப்ப உப்புப் போடுறதுக்கே கேக்குறாங்க எங்க அத்தை” என்று மருமகள் சிரித்தார். மீதிப் பொட்டலங்களை என்ன செய்தீர்கள் என்று வினவினோம். மருமகள் மாமியாரைப் பார்த்தார். மூதாட்டியார் எழுந்துபோய் அலமாரியைத் திறந்து காட்டினார். மகன் முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்த சேலைக்கு அடியில், ஆறு பொட்டலங்களும் பிரிக்கப்படாமல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. “சமைக்க மாட்டேன் சாமி, சத்தியமா. அவன் வாங்கினது, எப்படித் தூக்கிப் போட?” என்றார்.

நாமும் தூக்கிப் போடச் சொல்லவில்லை.